யாருடைய நாணயம் கணக்கில் ஏறுகிறது?

“போன் பில்லை மாசம் தவறாமல் கட்டினால் சிபில் ஏறுமா?” கல்விக் கடனுக்காக வங்கிக்கு நடையாய் நடக்கும் மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஏறும் என்று அடித்துச் சொல்லும் காணொளிகள் நிறையக் கிடக்கின்றன. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சொன்னதை அப்படியே தமிழில் ஒப்பிக்கிறவை அவற்றில் பல.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் ப்ரீபெய்டு போன் வைத்திருப்பவருக்கு ஏறாது. போஸ்ட்பெய்டு வைத்திருப்பவருக்கு அது ஒரு கணக்காகப் பதிவாகலாம், பதிவாகாமலும் போகலாம். ஆனால் போஸ்ட்பெய்டு பில்லைக் கட்டாமல் விட்டவருக்கு அந்தப் பாக்கி பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. கேட்ட கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஆனால் கட்டியதை எழுதமாட்டோம், கட்டாததை மட்டும் எழுதிவைப்போம் என்கிற இந்த ஏற்பாடு நம் மக்களுக்குப் புதிதல்ல. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

சிபில் என்று நாம் பொதுப்படையாகச் சொன்னாலும் நாட்டில் 4 கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன: ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். இவற்றை அரசு அலுவலகங்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற தோழர்கள் பலர். இல்லை, நான்கும் கம்பெனிகள். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று நடப்பவை. கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் யார் எவ்வளவு வாங்கினார், எப்போது கட்டினார், எத்தனை நாள் தாமதித்தார் என்பதை இவற்றுக்கு அனுப்ப வேண்டும். 2025 ஜனவரியில் 15 நாட்களுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்துதான் 300க்கும் 900க்கும் இடையில் அந்த மதிப்பெண் பிறக்கிறது. எதற்கு எத்தனை புள்ளி என்கிற முழுச் சூத்திரத்தை யாரும் வெளியிடுவதில்லை. கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் கிடையாது. வரலாறு இல்லை என்று ஒரு குறி மட்டும் இருக்கும்.

2006இல் வந்த விதிமுறைகள் தொலைபேசி நிறுவனங்களுக்கும் இந்த வட்டத்துக்குள் இடம் கொடுத்தன. சிபில் அறிக்கையில் வீட்டுக் கடன், வாகனக் கடன், நகைக் கடன் என்று இருப்பதுபோல ‘டெல்கோ’ என்றும் ஒரு கணக்கு வகை உண்டு. போஸ்ட்பெய்டு பில் வந்து உட்காரும் இடம் அதுதான்.

ப்ரீபெய்டுக்கு அங்கே இடமில்லை. காரணம் எளிது. காசை முன்னால் கட்டிவிட்டுத்தான் பேசுகிறோம். நம் மேல் கம்பெனிக்கு ஒரு நாள் பாக்கிகூட இல்லை. கடன் இல்லாத இடத்தில் கடன் வரலாறு எப்படி வரும் என்று கேட்பார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் இந்த நாட்டின் மொபைல் இணைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ப்ரீபெய்டு. 28 நாளுக்கு ஒரு ரீசார்ஜ் என்றால் ஆண்டுக்கு 13 முறை. பத்து வருடம் ஒரே எண்ணை உயிரோடு வைத்திருக்கும் ஒரு கட்டடத் தொழிலாளி ஏறக்குறைய 130 முறை, வேலை இருந்த மாதமும் இல்லாத மாதமும், சொன்ன தேதிக்குள் பணத்தைக் கட்டியிருக்கிறார். ஊதியம் வராத மாதத்தில் வயிற்றைக் கட்டி ரீசார்ஜ் செய்திருக்கிறார், ஏனென்றால் போன் செத்தால் மேஸ்திரியின் அழைப்பு வராது, வேலை போய்விடும். இதைவிட ஒழுங்கான ஒரு பணப் பழக்கத்தை எந்த வங்கி மேலாளர் காட்டிவிட முடியும்? அந்த 130 முறையும் சேர்ந்து அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்த மதிப்பெண், ஒன்றுமில்லை.

ப்ரீபெய்டு சிம்மை யாரும் சாதி பார்த்து விற்பதில்லை, உண்மைதான். ஆனால் கடைக்கு வெளியே நின்று, காசை முதலில் தரையில் வைத்துவிட்டு, பிறகு பொருளைப் பெற்றுக்கொண்ட தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். ‘முதலில் காசு, அப்புறம் சரக்கு’ என்பது யாரை நம்பவில்லையோ அவரிடம் வைக்கிற நிபந்தனை. ‘அப்புறம் கொடுங்க அண்ணாச்சி, என்ன அவசரம்’ என்பது நம்புகிறவரிடம் சொல்கிற வார்த்தை. இந்த இரண்டாவது வார்த்தையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்களின் வீட்டில் கடன் வரலாறு தானாகச் சேர்கிறது. நம்மிடம் முன்பணம் வாங்கிக்கொண்டவர்களே பிறகு, உங்களுக்கு வரலாறு இல்லையே என்கிறார்கள்.

போஸ்ட்பெய்டுக்கு வருவோம். மாதச் சம்பளம், நிலையான முகவரி உள்ளவர்களிடம் புழங்கும் சரக்கு அது. நம் பிள்ளைகள் முதல் வேலைக்குப் போகும்போது அதில் மாட்டுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தோழர் தென் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவர். ஒரு வணிக வளாகத்தில் மேசை போட்டு சிம் விற்றவர்கள் ‘கட்டணம் அடுத்த மாசம்தான்’ என்று சொல்லி போஸ்ட்பெய்டு கொடுத்தார்கள். நாலு மாதத்தில் வேலை போயிற்று. ஊருக்குத் திரும்பியவர் அந்த சிம்மைக் கழற்றி எறிந்தார். சிம்மை எறிந்தால் இணைப்பு முடிந்தது என்று நினைப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. பில் ஓடியது. நாலு வருடம் கழித்து இரண்டு சக்கர வண்டிக் கடனுக்குப் போனபோது, நிதி நிறுவனத்துக்காரர் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். 1,400 ரூபாய்ச் சொச்சம், ‘ரைட் ஆஃப்’. அதாவது, வராத கடன் என்று கம்பெனி எழுதித் தள்ளிவிட்டது. அந்த நான்கு வருடங்களில் அவர் கட்டிய வீட்டு வாடகையோ, தங்கையின் கல்லூரிக் கட்டணமோ, ப்ரீபெய்டு ரீசார்ஜ்களோ அந்தத் தாளில் எங்கும் இல்லை. 1,400 ரூபாய் மட்டும் இருந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. கணக்கு ஏறுவது போனைக் கையில் வைத்திருப்பவர் பெயரில் அல்ல, எந்த ஆதாரில் சிம் வாங்கப்பட்டதோ அந்தப் பெயரில். நம் வீடுகளில் அம்மாவின் போன் மகன் பெயரில் இருக்கும், அக்காவின் போன் மாமா பெயரில் இருக்கும். அம்மா வீட்டு வேலை செய்து கட்டுகிற பில் மகனுக்குத்தான் போய்ச் சேரும், அது ஏறுகிற பில்லாகவே இருந்தாலும். மறுபக்கம், நண்பன் கேட்டான் என்று ஆதார் நகலைக் கொடுத்து சிம் எடுத்துத் தந்தவர்கள் அவன் வைத்த பாக்கிக்குப் பொறுப்பாளிகள் ஆகிறார்கள். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருமுறை பாருங்கள்.

1,400 ரூபாய் விவகாரத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். வண்டிக் கடனோடு நின்றால் பேசியிருக்க மாட்டோம். கல்விக் கடனுக்குப் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் பழைய பயிர்க் கடனோ குழுக் கடனோ பாக்கி என்றால் பிள்ளையின் படிப்பு மேசையிலேயே நிற்கிறது. குறைந்த மதிப்பெண்ணை மட்டும் காரணம் காட்டி ஒரு மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023 மே மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கிளை மேலாளர் முன்னால் போய் நிற்க நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆள் துணை இருக்கிறது?

வேலைக்கும் இது வந்துவிட்டது. 2023இல் பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணிக்கு வந்த அறிவிப்பில், பணியில் சேரும்போது சிபில் மதிப்பெண் குறைந்தது 650 இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்த எண்ணைப் பிறகு தளர்த்தினார்கள். ஆனால் கடன் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை விடவில்லை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கடன் பாக்கி வரலாற்றைக் காரணம் காட்டி ஒரு பொதுத்துறை வங்கி பணி நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. கடன்களைத் தான் கட்டி முடித்துவிட்டதாக அவர் வாதிட்டும் பயனில்லை. பொதுப் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்பது நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வாதம்.

அந்த வழக்கு சாதி பற்றியதல்ல. ஆனால் அதன் நிழல் எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். கல்விக் கடன் வாங்கிப் படித்த முதல் தலைமுறைப் பட்டதாரி, படிப்பு முடிந்து இரண்டு மூன்று வருடம் வேலை இல்லாமல் இருக்கிறார். அந்தக் காலத்தில் தவணை நிற்கிறது. அவர் வேலை தேடுவதே அந்தத் தவணையைக் கட்டத்தான். வேலை கிடைக்கிறது, ஆனால் தவணை நின்றதால் வேலை இல்லை என்கிறார்கள்! அப்பாவிடம் காசு இருந்து கடனே வாங்காமல் படித்தவருக்கு இந்தச் சிக்கல் எழாது. இடஒதுக்கீடு வாசல்வரை கொண்டுவந்து விட்டவரை வாசலில் வைத்து வடிகட்ட, ‘தகுதி’ என்ற பழைய சல்லடையின் பக்கத்திலேயே இன்னொன்றை மாட்டியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் ‘ஒழுக்கம்’.

ஒழுக்கம் என்று வந்துவிட்டதால் கேட்கிறோம். நம் தெருக்களில் வாங்கிய கடனைக் கட்டாமல் நிம்மதியாக யாராவது தூங்க முடியுமா? தண்டல்காரர் தினமும் சாயந்திரம் வருகிறார். மீட்டர் வட்டிக்காரர் மணிக்கணக்கில் வட்டி போடுகிறார். கந்துவட்டியைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்தாயிற்று, தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நூற்றுக்குப் பத்து வட்டி என்றாலும் வாங்கியவர்கள் கட்டுகிறார்கள், முதலுக்கு மேல் இரண்டு மடங்கு கட்டியவர்களை நாம் அறிவோம். ஏலச்சீட்டு கட்டுகிறார்கள், பாத்திரக்காரருக்குத் தவணை கட்டுகிறார்கள், பண்ணையாரிடம் வாங்கிய முன்பணத்தை உடம்பால் கட்டுகிறார்கள். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரண்டு பொருள். இரண்டாவது நம் மக்களிடம் எப்போதும் இருந்தது. அதைக் குறித்துவைக்கத்தான் ஏடு இல்லை.

ஏடு இருக்கிற இடத்திலும் சிக்கல். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்கள் இந்த நிறுவனங்களில் பதிவாகின்றன. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுக்கப்படும் கடன் இது. மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறது என்பதை எந்தத் தெருவுக்குப் போனாலும் பெண்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கடனை உறுப்பினர் வாரியாகப் பதிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016இல் சொன்னது. உங்கள் அம்மா இருபது வருடமாகக் குழுவில் தவறாமல் கட்டியவராக இருந்தால், அது அவர் பெயரில் ஏறியிருக்கிறதா என்று அவருடைய அறிக்கையை எடுத்துப் பாருங்கள். போன் பில்லைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இதில் பலன் அதிகம்.

இப்போது ஒரு புதிய கூட்டம் வந்திருக்கிறது. ‘வரலாறு இல்லாதவர்களுக்கு நாங்கள் வரலாறு தருகிறோம்’ என்கிறார்கள். மாற்றுத் தரவு என்று அதற்குப் பெயர். ரீசார்ஜ், மின் கட்டணம், யு.பி.ஐ. பரிமாற்றம் எல்லாவற்றையும் பார்த்து உன் தரத்தைச் சொல்வோம் என்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. நம்மில் சிலர் இதைச் சமூகநீதி என்றே வரவேற்கிறார்கள். அந்த 130 ரீசார்ஜ்களும் கணக்கில் வரட்டுமே என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது, ஒதுக்கித் தள்ள முடியாது.

அமெரிக்காவின் அனுபவத்தை இந்த இடத்தில் பார்க்கலாம், ஏனென்றால் இந்தக் கேள்வி பலமாக எழுந்தது அங்கேதான். 1930களில் அந்த நாட்டு அரசின் வீட்டுக் கடன் அமைப்பு நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம், ஆபத்தான பகுதி என்று அர்த்தம். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அங்கே கடன் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. கடன் கிடைக்காததால் சொத்து சேரவில்லை, வரலாறும் சேரவில்லை. 2015இல் அங்குள்ள நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, 2 கோடியே 60 லட்சம் பேருக்குக் கடன் வரலாறே இல்லை என்றது. கறுப்பின, ஹிஸ்பானிய மக்களில் ஏறக்குறைய 15 சதவீதம், வெள்ளையர்களில் 9 சதவீதம். யாரும் தோலைப் பார்த்து மதிப்பெண் போடவில்லை. ஆனாலும் விடை தோலின் நிறப்படிதான் வந்தது.

2019இல் எக்ஸ்பீரியன் நிறுவனம் அங்கே ‘பூஸ்ட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் தானாக முன்வந்து வங்கிக் கணக்கை இணைத்தால், போன் பில், மின் கட்டணம் போன்றவற்றை ஒழுங்காகக் கட்டியது அவருடைய எக்ஸ்பீரியன் அறிக்கையில் சேரும். தாமதமாகக் கட்டியது இதில் கணக்கில் வராது. இணையத்தில் நம்மவர்கள் பார்க்கும் காணொளிகள் பேசுவது பெரும்பாலும் இதைத்தான். இதிலும் ஒரு கம்பெனியின் வியாபாரம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் அறிக்கையை எடுக்காத கடன்காரரிடம் இது உதவாது. ஆனால் ஒரு நல்ல அம்சத்தைக் கவனியுங்கள்: விருப்பப்பட்டால் மட்டும், ஏற்றுவதற்கு மட்டும். இன்னொன்று, கடன் கொடுப்பதில் பாகுபாடு கூடாது என்று அங்கே 1974இல் தனிச் சட்டம் வந்தது. முதலில் பாலினம், திருமண நிலை. 1976இல் இனம், நிறம், மதம் எல்லாம் சேர்ந்தன. கறுப்பின மக்களும் பெண்களும் போராடிப் பெற்றது அது. அந்தச் சட்டத்தோடுதான் அங்கே மதிப்பெண் வியாபாரம் நடக்கிறது. இங்கே சட்டத்தை விட்டுவிட்டு வியாபாரத்தை மட்டும் இறக்குமதி செய்கிறார்கள்.

ஒரு போனுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பெயர், உங்கள் தொடர்புப் பட்டியலில் இருக்கும் பெயர்கள், இரவில் போன் எங்கே தூங்குகிறது என்ற இடம். தமிழ்நாட்டில் ஒரு மனிதரின் சாதியைக் கண்டுபிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? முகவரியில் ‘காலனி’ என்று ஒரு சொல் இருந்தால் போதும். அந்தச் சொல் வசையாகிவிட்டதால்தான் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அரசு ஆவணத்திலிருந்து அழித்துவிடலாம். கம்பெனிகளின் கணினிகளில் பதிந்து கிடக்கும் முகவரிகளை யார் அழிப்பது? வட சென்னையில் இருக்கும் நம் தோழர்களிடம் கேளுங்கள். சம்பளச் சீட்டெல்லாம் சரியாக இருந்தும், பின்கோடைப் பார்த்ததும் ‘அது நெகட்டிவ் ஏரியா சார்’ என்ற பதிலைக் கேட்டவர்கள் உண்டு. ஒரே தகுதி, வேறு வேறு பெயர் என்று தனியார் நிறுவனங்களுக்கு வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆய்வு 2007இல் வெளிவந்தது. தலித் பெயருக்கு அழைப்பு குறைவாக வந்தது என்று அது காட்டியது. பெயரைப் பார்த்த கண் மனிதருடையது. நாளைக்கு அந்தக் கண் கணினியுடையது, அதனிடம் ‘ஏன்’ என்று கேட்கக்கூட முடியாது.

போனைத் திறந்து காட்டினால் என்ன நடக்கும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு, தவணை ஒரு நாள் தள்ளினாலும் மாமனாருக்கும் ஆசிரியருக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்தின. உயிரை விட்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளில், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்கள், கோப்புகள் ஆகியவற்றைக் கடன் செயலிகள் தொடக் கூடாது என்று சொல்லப்பட்டது. மாற்றுத் தரவு என்று பேசுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது.

எங்கள் நிலைப்பாடு இது. ரீசார்ஜும் பில்லும் கட்டியதற்கான சான்றை, கட்டியவர் விரும்பினால் காட்டலாம். காட்டினால் மதிப்பு கூடலாம். காட்டாததால் குறையக் கூடாது. கட்டியதற்கான ரசீதைத் தாண்டி, யாரிடம் பேசினார், எங்கே வசிக்கிறார் என்பதற்குள் ஒரு அங்குலம்கூட நுழையக் கூடாது. சில நூறு ரூபாய் போன் பாக்கியை லட்சக்கணக்கான ரூபாய்க் கடன் பாக்கியின் பக்கத்தில் வைத்து ஒருவரின் வேலையைப் பறிப்பதை நிறுத்த வேண்டும். சாதியின் பெயரால், வசிக்கும் இடத்தின் பெயரால் கடன் மறுப்பதைத் தண்டிக்கத் தனிச் சட்டம் வேண்டும்.

இது ஆகாயத்திலிருந்து பறித்த கோரிக்கை அல்ல. அரசியலமைப்பின் 15(2) பிரிவு, சாதியைக் காட்டி யாரையும் கடைகளுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. கடை என்றால் என்ன, அதில் எதெல்லாம் அடங்கும் என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கேள்வி எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் அந்தச் சொல்லுக்கு மிக விரிந்த பொருளைக் கொடுத்தார். தன் சேவையை, நாடி வரும் எவருக்கும் அளிக்க முன்வந்து ஒருவர் திறந்து வைத்திருக்கும் இடம் எல்லாம் கடைதான் என்பது அவர் விளக்கத்தின் சாரம். 2011இல் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டது. பணத்தைக் கடனுக்கு விற்கும் இடம் கடையில்லாமல் வேறென்ன? ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் நூல் எழுதிய பொருளாதார அறிஞர், கடன் கடைகளை மறந்துவிட்டு அந்த விளக்கத்தைச் சொல்லியிருப்பார் என்று நாம் நம்பவில்லை. சட்டம் படிக்கும் தோழர்கள் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க முடியாது. இப்போதே கையில் இருக்கும் உரிமைகள் சில உண்டு. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று வாங்கினால் வருடம் முழுக்க ஒரு கண் வைத்திருக்கலாம். ‘சிபிலை ஏற்றித் தருகிறேன்’ என்று காசு கேட்பவர்களை வாசலோடு அனுப்புங்கள். தவறு இருந்தால் திருத்தக் கோரி எழுதுங்கள், 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து விதி. அப்போதும் நகரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 முதல் அவர் வரம்புக்குள் வருகின்றன. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

போஸ்ட்பெய்டு வைத்திருந்தால், விடும்போது இணைப்பை முறைப்படி துண்டித்து, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பாக்கி இருந்தால் பேரம் பேசிப் பாதி கட்டி முடிப்பதைவிட முழுதாகக் கட்டுவது நல்லது. பாதி கட்டினால் ‘செட்டில்டு’ என்று குறிப்பார்கள், அந்தச் சொல்லும் ஒரு கறைதான். வரலாறு வேண்டும் என்பதற்காக மட்டும் கிரெடிட் கார்டு வாங்கச் சொல்லி உங்களை யாராவது அனுப்பினால் நன்றாக யோசியுங்கள். கார்டில் பாக்கி வைத்தால் ஏறும் வட்டி, தண்டல்காரருக்கே பாடம் எடுக்கும்.

கடன் வரலாறு இல்லை என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பினால் அமைதியாக எழுந்து வராதீர்கள். முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, வரலாறு இல்லை என்பதற்காக மட்டுமே நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2025 ஜனவரி வழிகாட்டுதலில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிதித்துறை இணை அமைச்சர் மக்களவையிலும் இதைச் சொன்னார். மறுப்பதற்கான காரணத்தை வங்கி எழுத்தில் தர வேண்டும் என்பதும் பல ஆண்டுகளாக இருக்கும் விதி. ‘எழுத்தில் கொடுங்க சார்’ என்ற மூன்று சொற்கள் வங்கிக் கிளையில் என்ன செய்யும் என்பதைப் போய்ப் பாருங்கள். பாதி நிராகரிப்புகள் வாய்வார்த்தையாகவே நடக்கின்றன என்பது எங்கள் அனுபவம். விண்ணப்பத்தையே வாங்காமல் அனுப்பிவிட்டால் அது எந்தக் கணக்கிலும் வராது அல்லவா?

அந்தக் கணக்கைத்தான் இந்தக் கல்வியாண்டில் எடுக்க நினைக்கிறோம். நலிந்த பிரிவினருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம் என்று வங்கிகள் இலக்கு வைத்துக் கணக்குக் காட்டுகின்றன. பட்டியல் சமூகத்தவர் அதில் அடக்கம். எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. பொதுத்துறை வங்கிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. உங்கள் மாவட்ட முன்னோடி வங்கிக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். கடந்த மூன்று கல்வியாண்டுகளில் வந்த கல்விக் கடன் விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுடையவை எத்தனை, நிராகரித்தவை எத்தனை, கடன் மதிப்பெண்ணைக் காரணமாகக் காட்டியவை எத்தனை, அதில் பெற்றோரின் மதிப்பெண்ணுக்காக மறுத்தவை எத்தனை. இந்த ஐந்து கேள்விகள் போதும். ‘தகவல் தொகுக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால் அந்தத் தாளையும் பத்திரமாக வைத்து எங்களுக்கு அனுப்புங்கள்.